மூன்றிலும் வாய் வைத்தேன்

என் வாய்க்கு எது சேரும் என்பதை இன்னொருவர் வாயை வைத்து முடிவு செய்யலாம் என்று காரைக்காலில் மூன்று பேர் பேசி முடித்தார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பேச்சு, சாப்ரானோ சாக்ஸபோனுக்குப் புது மௌத்பீஸ் வாங்குவதைப் பற்றி. வாங்கப் போகிறவன் நான், ஊதப் போகிறவன் நான், வாயும் என்னுடையது. என்னை மட்டும் கேட்கவில்லை.

இத்தனை வயதாகியும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும். அதை ஆற விடுகிற உத்தேசம் எனக்கு இல்லை.

பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போன மறு வருஷம் அது. எங்கள் பேண்டில் பதினோரு பேர் இருந்தோம். மாதா கோயில் தேர், தர்காவின் கந்தூரி ஊர்வலம், சாயபுமார் வீட்டுக் கல்யாணம், பழைய சொல்தா யாராவது காலமானால் கல்லறை வரைக்கும் ஊதிக்கொண்டு போவது என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். எங்கள் பேண்டு மாஸ்டரும் ஒரு சொல்தாதான். பட்டாளத்தில் பியூகிள் ஊதிவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர். 'அத்தான்சியோன்' என்று அவர் ஒரு அதட்டல் போட்டால் பெரிய டிரம்காரர்கூட விறைத்து நிற்பார்.

பேண்டுக்குச் சொந்தமாக ஒரு சாப்ரானோ இருந்தது. வளைவு இல்லாமல் நேராக இருக்கும் சின்ன சாக்ஸபோன். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் பித்தளை நாயனம் என்பார்கள். அதை ஊதிக்கொண்டிருந்தவர் குடும்பத்தோடு பிரான்சுக்குக் கப்பல் ஏறிவிட்டார். வாத்தியம் பேண்டுடையது என்பதால் பெட்டியோடு விட்டுவிட்டுப் போனார். மாஸ்டர் முதலில் அதைக் கிளாரினெட்காரரிடம்தான் நீட்டினார். தருமபுரத்துக்காரர், எங்கள் பேண்டிலேயே தேர்ந்த கை. அவர் முகத்தைச் சுளித்தார். "அது ஊளைதான் உடும். நமக்கு வேணாம்" என்றார்.

அப்போது நான் தாளத் தட்டு தட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒத்திகை நடுவில் எல்லாரும் டீ குடிக்கப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்து ஊதிப் பார்த்தேன். ஊளைதான் வந்தது. அடுத்த வாரமும் ஊளைதான். ஒரு மாதம் கழித்து மாஸ்டரே டீக்கடையிலிருந்து திரும்பி வந்து வாசலில் நின்று கேட்டார். என் தட்டை எடுத்து வேறொருவனிடம் கொடுத்தார். அதிலிருந்து ஊர்வலத்தில் நான் முதல் வரிசை.

வாயில் வைக்கிற கறுப்பு முனைதான் மௌத்பீஸ். மாஸ்டர் அதைப் பிரெஞ்சில் 'பெக்' என்பார். பறவையின் அலகு என்று அர்த்தமாம். பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். அதன் அடியில் நாணலில் சீவிய ரீட்டை வைத்துத் திருகுப் பட்டையால் இறுக்க வேண்டும். மேல் பல் அந்த அலகின் முதுகில் உட்காரும், கீழுதடு ரீட்டைத் தாங்கும். ரீட்டுக்கும் நுனிக்கும் நடுவில் நூலளவு இடைவெளி. அந்த நூல் கூடினாலும் குறைந்தாலும் சத்தம் வேறு, மூச்சு வேறு. இரண்டு பேர் வாய்க்கு ஒரே மௌத்பீஸ் சேருவது அபூர்வம்.

போனவர் விட்டுப் போன மௌத்பீஸின் முதுகில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. பல வருஷமாக அவருடைய பல் அழுத்தி விழுந்த தடம். அவருக்கு அகலப் பல், எனக்கு நெருக்கப் பல். அந்தப் பள்ளத்தில் என் பல் உட்காரவே இல்லை. வாயை இடப்பக்கம் கோணிக்கொண்டுதான் ஒரு வருஷம் ஊதினேன். சிலர் அதை என் ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போனவர் மேல்சாதிக்காரர், கிளாரினெட்காரரும் அப்படித்தான். நான் சேரிக்காரன். என் தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கியாகிவிட்டது, தெருவுக்குப் பேர் மட்டும் மாறவில்லை. அவர் வாயில் அத்தனை வருஷம் கிடந்தது என் வாய்க்கு வந்தபோது எச்சில் என்று ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. கழுவிக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை. மேலே இருந்து கீழே வந்தால் அது எச்சிலில் சேராது போலிருக்கிறது. நானும் அப்போது அதை யோசிக்கவில்லை, கிடைத்ததே பெரிது என்று இருந்தேன்.

அம்பகரத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாண ஊர்வலத்தில் விபரீதம் நடந்தது. எங்களுக்கு முன்னால் சீர்வரிசை ஏற்றிய மாட்டுவண்டி போகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு உருகி ஊதிக்கொண்டு போகிறேன். மாட்டுக்கு அவசரம் வந்து நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. சாப்ரானோ வண்டியின் பின்கட்டையில் இடித்தது, மௌத்பீஸ் என் பல்லில் இடித்தது. முன்பல் பாதி போயிற்று. மௌத்பீஸின் நுனியிலும் ஒரு சில்லு பெயர்ந்து போயிற்று. ரத்தத்தைத் துப்பிவிட்டு மண்ணில் குனிந்து அந்தச் சில்லைத் தேடினேன். பல்லைத் தேடத் தோன்றவில்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஆறு மாதம். வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி முகத்தைப் பார்த்துப் பதறினாள். நடந்ததைச் சொன்னேன். பதற்றம் போய் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பல்லு போனதுக்கு அழுவாம கொழலு மூக்கு ஒடஞ்சதுக்கு அழுவுற மனுசன இன்னிக்கித்தான் பாக்குறேன்" என்றாள்.

சிரிக்கிற விஷயமில்லை அது. நுனி பெயர்ந்த மௌத்பீஸில் ரீட் பொருந்தாது, காற்று புஸ்ஸென்று போய்விடும். மாதா தேருக்கு மூன்று வாரம்தான் இருந்தது. மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "தேருக்கு முந்தின ஞாயித்துக்கெழமக்குள்ள சத்தம் வரணும். இல்லாட்டி கிளாரினெட்ட முன்னால நிறுத்திடுவேன். நீ பழையபடி தட்டுக்குப் போயிடு." கிளாரினெட்காரர் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். ஊளையிடும் என்று அவர் ஒதுக்கிய பெட்டியின் மேல் கொஞ்ச நாளாகவே அவருடைய கண் இருந்தது. ஊர்வலங்களில் ஜனங்கள் என் பக்கம் வந்து நின்று கேட்க ஆரம்பித்ததிலிருந்து அப்படி.

தட்டுக்குத் திரும்பிப் போவதைவிட பேண்டை விட்டே போகலாம் என்று எனக்குத் தோன்றியது. தட்டு கேவலம் என்பதற்காக அல்ல. ஒருமுறை முன்னால் நின்றவனைத் திரும்பப் பின்னால் அனுப்பினால் எங்கள் தெருவில் இன்னொருவன் முன்னால் வர நினைக்கவே மாட்டான்.

ஊரில் ஒரே ஒரு கடையில்தான் அந்த மாதிரி சாமான் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இருந்தவரை அங்கே சென்ட், கடிகாரம், வயலின் தந்தி எல்லாம் கப்பலில் வந்து இறங்கும். அவர்கள் போன பிறகு மிச்சம் மீதிதான். சாப்ரானோ மௌத்பீஸ் மூன்று இருந்தன. கடைக்காரர் அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தபடியே காட்டினார்.

"ஊதிப் பாத்துட்டு எடுத்துக்குறேங்க" என்றேன்.

"வாய் வெச்சா எடுத்துக்கணும். அப்பறம் இது சரியில்ல, அதக் காட்டுங்கன்னு நிக்கக் கூடாது."

நியாயம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்திருப்பேன். ஆனால் பத்து நாளைக்கு முன்பு அதே கடையில் எங்கள் கிளாரினெட்காரர் இரண்டு கிளாரினெட் மௌத்பீஸை மாற்றி மாற்றி ஊதிப் பார்த்து, இரண்டும் பிடிக்கவில்லை என்று வைத்துவிட்டு வந்தார். அவருக்குப் பக்கத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றவன் நான்தான்.

"அவுங்க ரெண்டு ஊதுனாங்களே" என்றேன்.

"அவுங்க வேற" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கப் போய்விட்டார்.

மாஸ்டரிடம் வந்து சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் சண்டை என்றால் பட்டாளத்தோடு முடிந்துவிட்டது என்று நினைக்கிறவர். அவரே கடைக்குப் போய்ப் பேசினார். கிளாரினெட்காரரையும் கூட்டிக்கொண்டு போனார். மூன்று பேரும் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கிளாரினெட்காரர் மூன்றையும் ஊதிப் பார்ப்பாராம், அதில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுப்பாராம், அதை நான் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். மிச்சம் இரண்டும் மாசு படாமல் பெட்டிக்குத் திரும்பிவிடும்.

"ஒனக்கும் அலைச்சல் மிச்சம்" என்றார் கிளாரினெட்காரர். "இதுல எது நல்லதுன்னு ஒனக்கு என்ன தெரியும்? நான் பாத்துத் தர்றேன் வா."

நான் தலையாட்டினேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் தலையாட்டியது நான்தான், வேறு யாருமில்லை.

வீட்டில் வந்து சொன்னதும் இந்தத் தடவை என் மனைவி சிரிக்கவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"என்னாங்க இது? ஒங்க காலுக்குச் செருப்பு எடுக்க இன்னொருத்தரு கால உட்டுப் பாப்பாங்களா?"

"கடைக்காரரு உட மாட்டேங்குறாரு."

"அவரு உடாட்டி போவட்டும். ஒங்களுக்குக் கை இல்லயா? எடுத்து வாயில வெச்சா புடுங்கவா போறாங்க? நீங்க வாய் வெச்சதத் தொடுறதுக்கு அவங்களே யோசிப்பாங்க."

அவள் அதைச் சொல்லிவிட்டு மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். எனக்குப் பயமாக இருந்தது. கூடவே ஒரு குஷியும் இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கிளாரினெட்காரரும் நானும் கடைக்குப் போனோம். சாப்ரானோ என் கையில். ரீட்டை வழக்கம்போல வாயில் போட்டு ஊறவைத்துக்கொண்டே நடந்தேன். கடைக்காரர் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையை மடித்து மேசையில் விரித்து, மூன்றையும் அதன் மேல் வரிசையாக வைத்தார். ஒன்று பளபளவென்று கறுப்பு எபனைட், அதாவது கெட்டி ரப்பர். ஒன்று வெள்ளி முலாம் பூசிய உலோகம். மூன்றாவதும் எபனைட்தான், ஆனால் வெயில் பட்டு வெளுத்துப் பழுப்பேறிப் போயிருந்தது. கிளாரினெட்காரர் மேல்துண்டால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, சாப்ரானோவைக் கொடு என்று என் பக்கம் கையை நீட்டினார். பார்வை கறுப்பின் மேல் இருந்தது.

நான் வாத்தியத்தைக் கொடுக்கவில்லை. ஊறிய ரீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கறுப்பை எடுத்து வாயில் வைத்தேன். எடுத்தேன். வெள்ளியை வைத்தேன், எடுத்தேன். பழுப்பை வைத்தேன், எடுத்தேன். ரீட் மாட்டவில்லை, ஊதவில்லை, சும்மா வாயில் வைத்து நன்றாகக் கடித்து எடுத்தேன். மூன்றையும் திரும்பப் பத்திரிகை மேல் அதே வரிசையில் அடுக்கினேன்.

சுவரில் இருந்த கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன. கிளாரினெட்காரரின் நீட்டிய கை மெதுவாகத் தன் துண்டுக்குத் திரும்பியது.

"டேய், என்னடா பண்ணுற?" என்று கடைக்காரர் கத்தினார். "மூணும் நாசமாப் போச்சு! மூணையும் நீதான் எடுத்துக்கணும்!"

"ஒரு வாய்க்கு ஒண்ணு போதுங்க. ஊதிப் பாத்து நல்லதா ஒண்ணு எடுத்துக்குறேன்."

அதற்கப்புறம் அவசரமே இல்லை. அந்த மூன்றையும் இனி அந்தக் கடையில் யாரும் தொடப் போவதில்லை, என்னைத் தவிர. சாவகாசமாக ரீட்டை எடுத்துக் கறுப்பில் வைத்துப் பட்டையை இறுக்கினேன். இறுக்கும்போது பார்த்தேன், அதன் முதுகில் சாய்வாக ஒரு கீறல். உடைந்த பல்லின் விளிம்பு இழுத்த கோடு. வேண்டுமென்று செய்ததில்லை. கடைக்காரர் கவனிக்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

கடைக்குள் ஊதினால் எல்லாமே இனிமையாகத்தான் கேட்கும். எங்கள் வேலை தெருவில். கடற்காற்று எதிரே வரும், பக்கத்தில் டிரம் முழங்கும், காலுக்கடியில் பள்ளமும் மேடும். அதனால் நான் வாத்தியத்தோடு படியிறங்கித் தெருவில் நடந்துகொண்டே ஊதினேன். கடைக்காரர் நான் ஓடிவிடுவேன் என்று வாசலுக்கு ஓடிவந்தார். கறுப்பின் சத்தம் நாலு வீடு தாண்டுவதற்குள் காற்றில் கரைந்துவிட்டது. கிளாரினெட்காரர் எனக்கு எடுத்துக் கொடுத்திருக்கக் கூடியது அதுதான். கடைக்குள் நின்று ஊதிப் பார்த்தால் அவர் வாய்க்கு அது தேன். தேரில் என்னை அது ஊமையாக்கியிருக்கும். அவர் வேண்டுமென்று செய்திருப்பார் என்று சொல்ல மாட்டேன். அவருடைய வாய் அவருக்குத்தானே சொல்லும்.

வெள்ளி நன்றாகக் கத்தியது. ஆனால் உடைந்த பல்லில் உலோகம் பட்டபோதெல்லாம் உச்சந்தலை வரை சுளீரென்றது. பத்து அடிகூட நடக்க முடியவில்லை.

பழுப்பை மாட்டினேன். மூச்சு கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது. கொடுத்தேன். கீழ் ஸ்தாயியில் ஒரு நீண்ட சுரம் பிடித்தேன். அது தெருவில் நேராகப் போய் முக்கு திரும்பியது. வாய் கோணவில்லை. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக என் பல் அதற்குப் பிடித்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. தேர் கிளம்பும்போது ஊதுகிற மாதா பாட்டை ஆரம்பித்து முக்குவரை நடந்தேன், திரும்பி ஊதிக்கொண்டே வந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பல் வலியால் அல்ல. மீன்கூடையோடு போன ஒரு அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "தேரு இன்னிக்கேவா?" என்று கேட்டாள்.

சொன்ன விலையைக் கொடுத்துப் பழுப்பை வாங்கிக்கொண்டேன். மற்ற இரண்டையும் கடைக்காரர் கையால் தொடாமல், பத்திரிகையோடு சுருட்டி மூலையில் தள்ளினார். கிளாரினெட்காரர் நான் தெருவில் நடந்துகொண்டிருந்தபோதே போய்விட்டார்.

அவர் நேராகப் போனது மாஸ்டரிடம். இவன் இருக்கும் பேண்டில் நான் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு நான் போனபோது அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். மாஸ்டர் ஊது என்றார். மாதா பாட்டை ஊதினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று முழுசாகக் கேட்டார்.

"கடையில நீ பண்ணுனது எனக்குப் புடிக்கல" என்றார்.

"எனக்குப் புடிச்சிருந்துச்சு மாஸ்டர்" என்றேன். எப்படி அந்த வார்த்தை வந்ததோ தெரியாது, வந்துவிட்டது.

அவர் மீசைக்குள் ஏதோ முனகினார். "இந்தச் சத்தத்த வெச்சிக்கிட்டு நான் வேற யார முன்னால நிறுத்துறது? போ, நில்லு."

தேரில் நான் முன்னால் நின்றேன். ஒரு இடத்தில் மேல் சுரம் கொஞ்சம் ஏறிப்போய்விட்டது. புது மௌத்பீஸ், இன்னும் பழகவில்லை. மற்றபடி நன்றாகவே இருந்தது. என் மனைவி கூட்டத்தில் நடந்து வந்தவள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அந்தா முன்னால போறாரே, அவருதான்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டே வந்தாளாம்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த வருஷம் கந்தூரி. மத்தியான ஊர்வலத்துக்கு இரண்டு பேண்டு ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒன்று நாங்கள். இன்னொன்று கிளாரினெட்காரர் தருமபுரத்தில் புதிதாக ஆரம்பித்திருந்த பேண்டு. கிளாரினெட்டை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு அவரே சாப்ரானோ ஊதினார். புது வாத்தியம், பளபளப்பு கண்ணைப் பறித்தது. ஊதுவதும் மோசமில்லை. கந்தூரி ரதம் ஒரு தெருமுனையில் நின்றபோது எல்லாருக்கும் சர்பத் கொடுத்தார்கள். அவர் தன் சாப்ரானோவை ஒரு நாற்காலியில் துண்டு விரித்து வைத்தார். நான் குடித்துக்கொண்டே குனிந்து பார்த்தேன்.

கறுப்பு எபனைட். முதுகில் சாய்வாக ஒரு கீறல்.

"நல்ல பீஸா இருக்கே. எங்க வாங்குனீங்க?" என்று கேட்டேன்.

ஒரு வருஷமாகப் பேசாத மனுஷன். ஆனாலும் வாத்தியத்தைப் புகழ்ந்தால் யாருக்கும் வாய் திறக்கும். "அதே கடைதான். நீ அன்னிக்கு மூணையும் கெடுத்தியே, அதுக்கப்பறம் பாண்டிச்சேரிலேருந்து புதுச் சரக்கு வரவழைச்சாரு. யாரு வாயும் படாதது. நான்தான் மொதல்ல" என்றார்.

சொல்லாமல் இருந்திருந்தால் பெருந்தன்மைக்காரன் என்று எனக்கு நானே பேர் வைத்துக்கொண்டிருக்கலாம். எனக்கு அந்தப் பேர் வேண்டியிருக்கவில்லை. ஒரு வருஷம் மேல்சாதி வாய்த் தடத்தில் என் வாயைக் கோணி வைத்திருக்கிறேன்.

"அதுல குறுக்க ஒரு கீறல் இருக்கு, பாத்தீங்களா?" என்றேன்.

"கப்பல்ல வந்தது. பட்டிருக்கும்."

நான் வாயைத் திறந்து உடைந்த பல்லைக் காட்டினேன். விரலை அதன் விளிம்பில் வைத்து, அது சாய்ந்திருக்கிற கோணத்தைக் காட்டினேன். அப்புறம் அதே விரலால் கீறலைக் காட்டினேன். மௌத்பீஸைத் தொடவில்லை.

"வந்தது கப்பல்லதாங்க. கீறுனது நானு."

அவர் என் பல்லைப் பார்த்தார். கீறலைப் பார்த்தார். மறுபடி பல்லைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் ஏறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ரதம் நகர ஆரம்பித்தது. அவருடைய பேண்டுதான் முதலில் எடுக்க வேண்டும். டிரம்காரர் குச்சியைத் தூக்கிக்கொண்டு அவரையே பார்க்கிறார், ஜனங்கள் பார்க்கிறார்கள், கந்தூரிக்காரர்கள் கையை ஆட்டி ஊதுங்க ஊதுங்க என்கிறார்கள். அவரிடம் வேறு மௌத்பீஸ் கிடையாது.

துண்டின் நுனியால் ஒருமுறை துடைத்தார். வாயில் வைத்தார்.

அன்றைக்கு அவர் நன்றாகத்தான் ஊதினார்.